முகமூடிக்குள் வரைந்த முகம்

சிரிலோவின் பஞ்சர் கடையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஞ்சர் ஒட்ட மாட்டார்கள். மெக்சிகோ நகரத்தை ஒட்டிய நேசாவில் அந்தத் தெருப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். தெரியாமல் வந்து ஹாரன் அடிக்கிறவனுக்கு உள்ளேயிருந்து, "காத்துதான வேணும்? மெஷின் வெளியிலதான் கிடக்கு, நீயே அடிச்சிக்க!" என்று குரல் வரும். உள்ளே, டயர் அடுக்குகளுக்கு நடுவே, முதுகு புடைத்த ஒரு பழைய டிவி. அதன் கீழே ஒரு பழைய விளையாட்டுப் பெட்டி. பெட்டியிலிருந்து நான்கு வயர்கள், அவற்றின் முனையில் நான்கு தடியர்கள். எல்லோருக்கும் முப்பதைத் தாண்டிய வயது. இரண்டு பேருக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

அவர்கள் ஆடியது மல்யுத்த விளையாட்டு. ஜப்பானில் செய்த கேட்ரிஜ், டெப்பித்தோ சந்தையில் எவனோ மூட்டையோடு கொட்டி விற்றதில் கிடைத்தது. திரையில் வரும் எழுத்தில் ஒன்றைக்கூட அவர்களுக்குப் படிக்கத் தெரியாது. மேலிருந்து மூன்றாவது வரி ஆள் எடுப்பதற்கு, அதற்குக் கீழே இருப்பது புது ஆள் செய்வதற்கு என்று இடத்தை வைத்தே பழகியிருந்தார்கள். அவர்களில் ஒருவனான வெனான்சியோவின் மச்சான் ஒருமுறை புத்தம்புதுப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதில் ஆளுக்கு வியர்வை சொட்டியது, முதுகில் நரம்பு தெரிந்தது. அரை மணி நேரம் பார்த்துவிட்டு சிரிலோ, "வேர்வை நமக்கே நெறைய இருக்கு மாப்ள, இதை எடுத்து வை" என்று சொல்லிவிட்டான்.

பழையதில் ஆளுக்கு விரல்கூடக் கிடையாது. கை என்றால் ஒரு செங்கல். முகம் என்றால் தீப்பெட்டியில் ஒட்டிய படம். கூட்டம் அத்தனையும் அட்டை. ஆனால் அந்தச் செங்கல் கைக்காரன் காலில் நாலு அடி வாங்கினால் பிறகு ஆட்டம் முடியும்வரை நொண்டுவான். பொத்தானைத் தட்டினால் சும்மா பிடிப்பான், அழுத்திப் பிடித்தால் உயிர்போகிற பிடி பிடிப்பான். எப்போது தட்டுவது, எப்போது அழுத்துவது என்பதில்தான் மொத்த வித்தையும் இருந்தது. அவசரக்காரன் தோற்பான். தோற்றுக்கொண்டே இருப்பவனுக்குத் திடீரென்று ஒரு வெறி ஏறும், திரையின் ஓரத்தில் பட்டை மின்னும், அட்டைக் கூட்டம் கத்தும். கீழே போட்டு அமுக்கி நடுவர் எண்ணத் தொடங்கினால், அகப்பட்டவன் கையிலிருக்கும் எல்லாப் பொத்தான்களையும் வெறிபிடித்தவனாகத் தட்ட வேண்டும். அப்போது பஞ்சர் கடையே ஆடும். அதை அனுபவித்தவனுக்கு வியர்வையும் நரம்பும் எதற்கு?

எல்லாவற்றையும்விட, அதில் ஆள் செய்யலாம். அந்த வேலையில் தெல்ஃபினோவை மிஞ்ச ஆளில்லை. கடைச் சுவர்களில் பெயரெழுதிப் பிழைப்பவன் அவன். கோழிக்கடைக்குக் கோழி, சலூனுக்குக் கத்தரிக்கோல், இறுதிச் சடங்குக் கடைக்குப் புறா என்று அவன் வரையாத சுவர் அந்தப் பேட்டையில் குறைவு. நிறம் என்று வந்துவிட்டால் அவனுக்குப் பைத்தியம் பிடிக்கும். அரங்கத்தில் வெள்ளிதோறும் பார்க்கிற மல்லர்களை ஒருவர் விடாமல் கேட்ரிஜுக்குள் இறக்கியிருந்தான். முகமூடியின் தையல் முதல் பூட்ஸின் கயிறு வரை அச்சு அசலாக இருக்கும். நண்பர்கள் வாயைப் பிளப்பார்கள். வாய் பிளப்பதைப் பார்ப்பதற்காகவே அவன் செய்தான் என்றும் சொல்லலாம்.

அவன் செய்ததில் சிறந்தது பென்கா.

பென்கா என்றால் ஆனைக்கற்றாழையின் மடல். பச்சை முகமூடி, ஓரமெல்லாம் முள் முள்ளாகத் தையல், தலைமுடி துளியும் தெரியாமல் பின்கழுத்து வரை இறுகக் கட்டியிருக்கும். அரங்கத்தில் அவள் கெட்டவள் கட்சி. நடுவர் அந்தப் பக்கம் திரும்பினால் இந்தப் பக்கம் கண்ணில் விரலை விடுவாள். கூட்டம் அவளுடைய அம்மாவை இழுத்து வைத்துத் திட்டும். அந்தக் கூட்டத்தில் தெல்ஃபினோவும் எழுந்து நின்று கத்துவான். ஆனால் அம்மாவை மட்டும் இழுக்க மாட்டான், ஏனென்றால் அது அவனுடைய அம்மாவும்கூட.

பென்கா அவனுடைய அக்கா. பகலில் அவள் ஒதிலியா. தெருமுனையில் ஜூஸ் தள்ளுவண்டி வைத்திருந்தாள். நெற்றிக்கு மேலே பிறந்ததிலிருந்தே ஒரு கொத்து வெள்ளை முடி. மற்ற முடியெல்லாம் கரிக்கறுப்பு. பேட்டை முழுக்க அவளை அதைச் சொல்லித்தான் அடையாளம் காட்டும். அந்த வெள்ளைக் கொத்துக்காகத்தான் முகமூடியை அவ்வளவு இறுக்கமாகத் தைக்கச் சொல்லியிருந்தாள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், முதன்முதலாக முகமூடி வீட்டுக்கு வந்த அன்று, கதவைச் சாத்திவிட்டு அதை மாட்டிக்கொண்டு தம்பிக்கு முன்னால் நின்றாள்.

"எப்படிடா இருக்கு?"

"பயமா இருக்குக்கா."

"நல்லது. இந்தத் துணி என் தலைல இருக்கிற வரைக்கும் நான் உன் அக்கா இல்ல, தெரிஞ்சுதா? அரங்கத்துல எல்லாரும் கத்தறப்ப நீயும் கத்தணும். வெளியில எவனாவது பென்கா யாருன்னு கேட்டா, நீயும் அவன்கிட்ட திருப்பிக் கேக்கணும், யாருன்னு."

அவன் அதைக் காப்பாற்றினான். விஷயம் தெரிந்தவர்கள் மொத்தம் மூன்று பேர்: தம்பி, முகமூடி தைத்த செனாய்தா அம்மாள், அரங்கத்தை நடத்தும் தோன் அபுந்தியோ. முகமூடிக்காரியின் முகம் எத்தனை நாள் மறைந்திருக்கிறதோ அத்தனைக்கு அதற்கு மதிப்பு. அதைக் களத்தில் பந்தயம் வைத்துத் தோற்றால்தான் கழற்ற வேண்டும். கழற்றியபின் மைக்கில் தன் பேரும் ஊரும் எத்தனை வருஷம் களத்தில் இருந்தாள் என்பதும் சொல்ல வேண்டும். ஒரு மல்லனுக்கு அது பாதிச் சாவு. ஒதிலியாவுக்கு அந்த நவம்பரில் அப்படி ஒரு பந்தயம் வரவிருந்தது. சீமாட்டி என்று பட்டம் வைத்துக்கொண்ட ஊதா முகமூடிக்காரியோடு, முகமூடிக்கு முகமூடி. அரங்கத்தின் வாசலில் அந்தப் போஸ்டரைப் பெரிதாக எழுதியதும் தெல்ஃபினோதான்.

அவன் செய்த தப்பு கேட்ரிஜுக்குள் இருந்தது. ஆள் செய்யும்போது முதலில் முகம் வைக்க வேண்டும், அதற்கு மேல்தான் முகமூடி. மற்றவர்கள் முகத்தை அப்படியே விட்டுவிட்டு முகமூடிக்குப் போய்விடுவார்கள், உள்ளே இருப்பது எவன் கண்ணுக்குத் தெரியப்போகிறது? தெல்ஃபினோ விடவில்லை. பென்காவின் முகமூடிக்குள் அக்காவின் முகத்தை வைத்தான். அகன்ற நெற்றி, சற்றே மேலேறிய இடது புருவம், கரிக்கறுப்பு முடி, அதன் முன்னால் ஒரு வெள்ளைக் கொத்து. நான்கு வருஷத்துக்கு முன்னால், வேலை முடிந்து வந்து சாயங்காலங்களில் பஞ்சர் கடையில் தனியாக உட்கார்ந்து செய்தான். அது வெள்ளையாக வராமல் சாம்பலாக வந்துகொண்டிருந்ததைத் திருத்தித் திருத்தி, கடைசியில் வெள்ளையாக்கிவிட்டு, அதன் மேல் பச்சை முகமூடியை இழுத்து மூடினான். தான் செய்ததிலேயே ஆகச் சிறந்ததைத் தன்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை என்ற எண்ணம் அவனை அரித்துக்கொண்டே இருந்தது.

பஞ்சர் கடையிலும் வருஷத்துக்கு ஒருமுறை முகமூடிப் பந்தயம் உண்டு. களத்தில் உள்ள அதே சட்டம். தோற்றவன் எல்லோர் கண்முன்னாலும் ஆள் செய்கிற பக்கத்தைத் திறந்து, தன் ஆளின் முகமூடியைக் கழற்றி, சேமித்துவிட வேண்டும். பிறகு அந்த ஆளின் பேர், ஊர், வருஷம் சொல்ல வேண்டும். வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சிரிப்பார்கள். போன வருஷம் போலோவின் ஆள் கழன்றபோது, "பேரு சிரிலோவோட மாமியார், ஊரு நரகம்" என்றான். போலோ அரங்க வாசலில் முகமூடி விற்பவன். அவனுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

இந்த வருஷம் வெனான்சியோ மஞ்சள் கொம்பன் என்று ஒருவனைச் செய்துகொண்டு வந்தான். பார்க்க அது முகமூடி போட்ட மக்காச்சோளம்.

"இதுக்கு எதிரா எவன்டா வர்றான்?" என்று மார்தட்டினான் வெனான்சியோ. மினிபஸ் ஓட்டுகிறவன். எங்கேயும் சத்தமாகத்தான் பேசுவான்.

"இதை வேகவைச்சு உப்பு மொளகா தடவிக் குடுங்கடா, சாப்பிட்டுட்டு வர்றேன்" என்றான் தெல்ஃபினோ. சிரித்தார்கள். சிரிப்பு அவன் தலைக்கு ஏறியது. "பென்காவை வைக்கிறேன். ஒரு கையாலயே ஆடுறேன் பாரு."

"பென்காவையா? மச்சான், யோசிச்சுக்க."

"என்ன யோசிக்கிறது? சோளத்துக்கா?"

இடது கையில் பன், வலது கையில் கன்ட்ரோலர். முதல் சுற்றில் மக்காச்சோளத்தைப் பந்தாடினான். இரண்டாவதில் திரையைப் பார்க்காமல் போலோவைப் பார்த்துக் கண்ணடித்தான். அந்த நேரத்தில் கொம்பனின் பட்டை மின்னியது. வெனான்சியோ அழுத்திப் பிடித்தான். பென்கா தலைகீழாகப் போய் விழுந்தாள். நடுவர் எண்ணத் தொடங்கினார். தெல்ஃபினோ பன்னைத் தூக்கியெறிந்துவிட்டு இரண்டு கையாலும் தட்டினான், ஆனால் பெருவிரலில் ஒட்டியிருந்த பன்னின் எண்ணெய் வழுக்கிவிட்டது. மூன்று எண்ணியாகிவிட்டது. வெனான்சியோ சட்டையைக் கழற்றித் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டு டயர்களின் மேல் ஏறினான்.

"கழட்டு! கழட்டு! கழட்டு!"

அந்த இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. தெல்ஃபினோ பெட்டியின் வயரைக் காலால் தட்டிவிட்டிருக்கலாம். 'பென்கா வேணாம், வேற ஒருத்தனைக் கழட்டுறேன்' என்று கெஞ்சியிருக்கலாம், ரெண்டு பீர் வாங்கித் தந்தால் விட்டிருப்பார்கள். முகமூடியைக் கழற்றும் வரியை அடைவதற்கு முன்னால் முடியின் நிறத்தை மாற்றியிருக்கலாம், படிக்கத் தெரியாத கூட்டத்துக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. இதெல்லாம் அவனுக்கு அப்போதே தோன்றியது. பிறகு தோன்றியது என்று அவன் தன்னிடம்கூடப் பொய் சொல்ல முடியவில்லை. தோன்றியும், விரல் நேராக அந்த வரிக்குப் போனது. இந்த நான்கு வருஷமாக உள்ளே மூடிக் கிடக்கிறதே, இவன்கள் பார்க்கட்டுமே என்று ஓர் ஆசை. நாய் ஆசை.

முகமூடி போயிற்று. திரையில் ஒரு பெண் நின்று மெதுவாகச் சுழன்றாள்.

பிறகு போலோ கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனான்.

"டேய்… இது நம்ம ஜூஸ்கார ஒதிலியாக்கா மாதிரி இல்ல?"

"மாதிரி என்னடா, அவங்களேதான்" என்றான் சிரிலோ. "அந்த வெள்ளை முடியப் பாரு. அட்டகாசம் மச்சான். உங்கக்காவப் போட்டிருக்க!" சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கியவன், பாதியில் நிறுத்தினான். "ஏன் போட்ட?"

வெனான்சியோ டயர்களின் மேலிருந்து இறங்கினான். "வெள்ளிக்கிழமை அக்கா வண்டி போடறதே இல்லையே."

"தோளு," என்றான் போலோ மெல்ல. "அந்தத் தோளை நான் எத்தனை தடவ… டேய் தெல்ஃபி. பேரு, ஊரு, வருஷம். சொல்லு."

வாய்க்கு வந்த எதையாவது சொல்லியிருந்தால் போதும். 'பேரு வெனான்சியோவோட பாட்டி, ஊரு செவ்வாய்க் கிரகம்' என்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவன் சிரித்தான். 'கண்டுபிடிச்சிட்டீங்களா' என்பவனின் அசட்டுச் சிரிப்பு. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்கு முகத்தைக் கொண்டுபோய் டீசல் டப்பாவில் முக்கிக்கொள்ள வேண்டும் போலிருக்கும்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்கடா" என்றான் பிறகு. சொன்ன மாத்திரத்தில் எல்லாம் உறுதியாகிவிட்டது.

அவர்கள் சத்தியம் செய்தார்கள். சிரிலோ மனைவியிடம் மட்டும் சொன்னான். வெனான்சியோ தன் மினிபஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்தவர்களிடம் மட்டும் சொன்னான். போலோ யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் பென்கா முகமூடி வாங்க வந்தவர்களிடம், "வாங்கிட்டு அப்படியே முனைல ஒரு ஜூஸ் குடிச்சிட்டுப் போங்க" என்றான்.

சில நாளில் ஒதிலியாவின் வண்டிக்கு முன்னால் வழக்கமில்லாத கூட்டம் நின்றது. கண்ணாடி போட்ட பையன் ஒருவன், "அக்கா, ஒரு பச்சை ஜூஸ். முள்ளோட!" என்றான். பின்னால் நின்றவர்கள் களுக்கென்று சிரித்தார்கள். அவள் முதலில் புரியாமல், "கற்றாழைலயா? ஆரஞ்சும் அன்னாசியும் மட்டுந்தான் தம்பி" என்றாள். அடுத்தவன் கேட்டபோது புரிந்துவிட்டது. ஆரஞ்சு பிழியும் கையை நிறுத்தாமல் எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தெல்ஃபினோ சுவருக்கு வைத்திருந்த பெயிண்ட் டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"தெரிஞ்சுபோச்சுடா," என்றாள். "ஊருக்கே தெரிஞ்சுபோச்சு."

"எப்படிக்கா?" என்றான். அந்தக் கேள்வி எப்படித் தன் வாயிலிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

"எப்படின்னா? மூணு பேருக்குத் தெரியும். நீ. தோன் அபுந்தியோ. அந்தாளு தன் கல்லாவுல தானே கல்லைப் போடுவானா? மிச்சம் யாரு? அந்தத் தையல்காரி." அவள் எழுந்தாள். "பதினோரு வருஷம். என் தலைய அளந்தவ. எங்க வீட்டு விசேஷத்துக்கெல்லாம் வந்தவ. என்ன கேடு வந்துச்சு அவளுக்கு?"

பட்டியலில் அவனைத்தான் முதலில் சொன்னாள், சொன்ன வேகத்திலேயே கழித்தும் விட்டாள். தம்பியைச் சந்தேகப்பட அவளுக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. தெல்ஃபினோ பெயிண்டைக் கிளறிக்கொண்டே இருந்தான். கலந்து முடிந்து வெகுநேரம் ஆகியும் கிளறினான்.

அவள் செனாய்தா அம்மாளின் வீட்டு வாசலில் நின்று போட்ட சத்தம் இரண்டு தெருவுக்குக் கேட்டது. "சொல்லவேயில்லையே, யார்கிட்டயும் வாயத் தொறக்கலயே மகளே" என்று அந்த அம்மாள் அழுத அழுகையும் கேட்டது. தெல்ஃபினோ கறிக்கடைச் சுவரில் பன்றி வரைந்துகொண்டிருந்தான். பன்றிக்குக் கண் வைக்க மறந்துவிட்டான்.

தோன் அபுந்தியோ மறுநாள் வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், சாவு வீட்டுக்கு வந்தவர் போல.

"தப்பா நெனைக்காத ஒதிலியா. முகம் தெரிஞ்சுபோன முகமூடியை எவன் காசு குடுத்துப் பாக்க வருவான்? சீமாட்டி ஒத்துக்க மாட்டேங்கிறா. அவ முகமூடிக்கு எதிரா நீ துணியை வைக்கிறது எப்படி நியாயம்னு கேக்குறா."

"என்ன வைக்கணும்ங்கிறீங்க?"

"முகமூடி இல்லாதவங்க எதை வைப்பாங்களோ அதை." அவர் அவள் நெற்றியைப் பார்த்தார், பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். "முடியை."

தோற்றால் களத்தின் நடுவிலேயே நாற்காலி போட்டு மொட்டையடிப்பார்கள். ஒதிலியா கையை எடுத்து அந்த வெள்ளைக் கொத்தை ஒருமுறை தொட்டுவிட்டு, "சரி" என்றாள்.

தெல்ஃபினோ ஒரு வாரம் சோறு தண்ணி இறங்காமல் திரிந்தான் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவன் நன்றாகவே சாப்பிட்டான். சாப்பிட முடிகிறதே என்று வெட்கப்பட்டான். அக்கா பரிமாறினாள், அதனால் சாப்பிட்டான். சாப்பிட்டுவிட்டு, சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பான், அவள் "இன்னும் கொஞ்சம் பீன்ஸ் போடவா?" என்பாள், போடச் சொல்லுவான். ஆட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் செனாய்தா அம்மாளை ரொட்டிக்கடையில் பார்த்தான். கடைக்காரி அவருக்கு மீதிச் சில்லறையைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தாள். பேட்டை பென்காவின் பக்கம். அந்த அம்மாள் சில்லறையைப் பொறுக்கிக்கொண்டு போனார். அதற்குமேல் அவனால் தாங்கமுடியவில்லை.

நேராகத் தெருமுனைக்குப் போனான். வண்டியில் கூட்டமில்லை. ஒதிலியா ஆரஞ்சுகளைப் பாதிப் பாதியாக வெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா. செனாய்தாம்மா இல்லக்கா."

"பின்ன யாரு?"

"நான்."

கத்தி நின்றது. "யார்கிட்ட சொன்ன?"

"சொல்லலக்கா. காட்டிட்டேன்." சொல்லச் சொல்ல வார்த்தைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. பஞ்சர் கடை, பந்தயம், மக்காச்சோளம், முகமூடிக்குள் வைத்த முகம், சாம்பலாக வந்துகொண்டே இருந்த வெள்ளை. அவள் பாதி புரியாமல் கேட்டாள்.

"டிவியில ஆடுவீங்களே, அந்தப் பொம்மை ஆட்டத்துலயா?"

"ஆமா."

"அதுல நான் இருக்கேனா?"

"இருக்க."

"அதுல தோத்தேனா?"

"நான்தான் தோத்தேன்."

"அப்ப உன் மூஞ்சியக் காட்டறதுதான?" அவள் குரலை உயர்த்தவேயில்லை. "பதினோரு வருஷத்துல விலா எலும்பு ரெண்டு தடவை ஒடைஞ்சுச்சு. ஒரு பல்லு போச்சு. ஒருத்தியாலயும் அந்தத் துணியைத் தொட முடியல. தோத்தாதான் முகமூடி போகணும். நான் எங்கடா தோத்தேன், தெல்ஃபி?"

அழுதான். தெருமுனையில், ஆரஞ்சுத் தோலுக்கு நடுவில், பெயிண்ட் சட்டையோடு நின்று மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதான். அவள் அவனைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மொதல்ல அந்தம்மா கால்ல போய் விழு. நானும் போவேன், ஆனா நீ போன அப்புறம்" என்றாள். "வெள்ளிக்கிழமை முன்வரிசைல உக்காரு. உன் கூட்டாளிங்களையும் கூட்டிட்டு வா."

செனாய்தா அம்மாள் ஊசியைக் கீழே வைக்காமலே கேட்டார். கேட்டுவிட்டு, "சரி, போ. கதவைச் சாத்திட்டுப் போ" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம் என்று தெல்ஃபினோ நினைத்தான்.

வெள்ளிக்கிழமை அரங்கம் நிரம்பிவிட்டது. ஒதிலியா முகமூடி இல்லாமல் வந்தாள். பச்சை உடுப்பு, மேலே அவளுடைய சொந்த முகம், வாரிப் பின்னிய முடி, முன்னால் அந்த வெள்ளைக் கொத்து. மைக்கைத் தானே வாங்கினாள். தோற்றவர்கள் கடைசியில் சொல்வதை அவள் தொடக்கத்திலேயே சொன்னாள். "ஒதிலியா பாரகான். நேசா. பதினோரு வருஷம்." சொல்லிவிட்டு மைக்கைத் தூக்கியெறிந்தாள். யாரும் அவள் அம்மாவை இழுக்கவில்லை. அன்றைக்குக் கெட்டவள் கட்சிக்கு மொத்த அரங்கமும் கத்தியது.

யார் ஜெயிப்பது என்று முன்பே பேசிவைத்ததுதான் எல்லாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர்களை நேசாவில் யாரும் வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை. ஒதிலியா மூன்றாவது சுற்றுவரை தாக்குப்பிடித்தாள். கடைசியில் சீமாட்டி அவளைத் தோளுக்கு மேலே தூக்கிப் போட்டு அமுக்கினாள். ஒன்று. இரண்டு. ஒதிலியாவின் ஒரு தோள் மேலெழும்பப் பார்த்தது, எழும்பவில்லை.

நாற்காலி வந்தது. நாவிதர் வந்தார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முன்வரிசையில் சிரிலோ தொப்பியைக் கழற்றினான். போலோ கண்ணை மூடிக்கொண்டான். தெல்ஃபினோ மூடவில்லை, மூடக்கூடாது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. முதலில் விழுந்தது முன்னாலிருந்த வெள்ளைக் கொத்து. களத்தின் துணியில் அது கிடந்தது, அவன் திருத்தித் திருத்திக் கொண்டுவந்த அதே வெள்ளை.

அடுத்த ஞாயிறு பஞ்சர் கடையில் டிவி ஓடவில்லை. நான்கு பேரும் டயர்களில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. ஒதிலியா. தலையில் தொப்பிகூட இல்லை. மொட்டைத் தலையில் வெயில் பளபளத்தது.

"என்ன, எழவு வீடா? போடுங்கடா டிவிய."

சிரிலோ பாய்ந்து போட்டான். வெனான்சியோ கைக்குட்டையால் டயர் ஒன்றைத் துடைத்து, "உக்காருங்கக்கா" என்றான்.

"நான் எங்க இருக்கேன்? காட்டு." தெல்ஃபினோ காட்டினான். திரையில் முகமூடியில்லாத பென்கா சுழன்றாள். ஒதிலியா வெகுநேரம் பார்த்தாள். "நல்லாத்தான் செஞ்சிருக்க," என்றாள், குரலில் பாராட்டில்லை. "சட்டம் சட்டந்தான? தோத்தது தெரியணும்ல? முடியை எடு."

"அக்கா…"

"எடுடா."

முடியின் வரியில் மொட்டைதான் முதலாவது. அவன் அங்கே போக எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் ஒருகட்டத்தில் போய்ச் சேர வேண்டியிருந்தது. சேமித்தான்.

"இப்ப உன்ன மாதிரி ஒருத்தன் இதுல இருக்கானா?"

இல்லை. ஊரிலுள்ள மல்லர்கள் அத்தனை பேரையும் செய்தவன் தன்னைச் செய்ததில்லை. செய்யச் சொன்னாள். செய்தான்: ஒல்லி உடம்பு, பெயிண்ட் கறையில்லாத வெள்ளைச் சட்டை. பழக்கதோஷத்தில் விரல் முகமூடிப் பக்கம் போனது.

"அது எதுக்கு? நீ எப்ப சம்பாதிச்ச அதை?"

முகத்தோடே விட்டான். அவள் ஒரு கன்ட்ரோலரைக் கையில் எடுத்தாள், எந்தப் பக்கம் மேல் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆட்டம் தொடங்கியது. மொட்டைப் பென்கா தட்டுத்தடுமாறி வந்து வெள்ளைச் சட்டைக்காரனைக் குத்தினாள். அவன் நின்றுகொண்டே இருந்தான். தெல்ஃபினோ பொத்தானில் விரலை வைக்கவில்லை. அடிக்கட்டும், சாகிறவரை அடிக்கட்டும் என்றிருந்தது அவனுக்கு.

அவள் நிறுத்தினாள். "ஆட மாட்டியா?"

"நீ அடிக்கா."

"அந்தச் சீமாட்டி எனக்கு விட்டுக்குடுக்கல. அவதான் என்னை மதிச்சா. நீ கும்பிட்டுக்கிட்டு நின்னா உன் மனசு ஆறிடும், சரி, எனக்கு என்னடா ஆச்சு?" அவன் பக்கம் திரும்பினாள். "ஒழுங்கா ஆடு. இல்லன்னா நான் போறேன், இனி வரமாட்டேன்."

அவன் அழுத்தினான். கண் மங்கியிருந்தாலும் விரலுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எப்போது தட்டுவது, எப்போது அழுத்துவது என்று அது மறக்கவில்லை. வெள்ளைச் சட்டைக்காரன் குனிந்தான், மொட்டைப் பென்காவைத் தூக்கினான், போட்டான், மேலே விழுந்து அமுக்கினான். கடையில் ஒருவனும் கத்தவில்லை. நடுவர் படுத்துத் தரையைத் தட்டினார். ஒன்று.

"தெல்ஃபி! எப்படிடா எழுந்திரிக்கிறது? எதை அழுத்தணும்?"

"எல்லாத்தையும்க்கா!" அவன் தன் கன்ட்ரோலரைத் தரையில் போட்டுவிட்டு அவள் கைகளைப் பார்த்துக் கத்தினான். "எல்லாத்தையும் அழுத்துக்கா! எல்லாத்தையும்!"